பானெட்டில் மயில்

...அங்கேருந்து பாக்காதீங்க தம்பி, கிட்ட வாங்க. தூரத்துலேருந்து பாத்தா எல்லாத் தப்பும் ஒண்ணாத் தெரியும். கிட்ட வந்தா ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான் கண்ணுல படும். நெழல்ல நில்லுங்க... அய்ய, அந்த நெழல் வேணாம். வேப்பமரம். மேல காக்கா குந்தியிருக்குது பாருங்க, இந்தக் கதையில பாதிக்கு அதுதான் காரணம். மீதிப் பாதிக்கு பெயிண்ட் கடைக்காரன். என் பங்குன்னு பாத்தா பெருசா ஒண்ணுமில்ல.

கலியமூர்த்திதானே? சிதம்பரம், டிரைவிங் ஸ்கூல். போன்ல பேசினது நாந்தான், பழனிவேல். ஆனா விளம்பரம் குடுத்தது நான் இல்ல. வூட்டுக்காரம்மா குடுத்தா, என் நம்பரப் போட்டு. குடுத்ததையும் என்கிட்ட சொல்லல. மொத ஆளு போன் பண்ணி "கார் இருக்குதுங்களா"ன்னு கேட்டப்பதான் கார் விலைக்கு வந்திருக்கிற சங்கதியே எனக்குத் தெரியும். எப்படிச் சொல்லுவா? அவ என்கிட்ட பேசி இன்னியோட இருபத்திமூணு நாள் ஆவுது. உள்ள மிக்ஸி ஓடுது பாருங்க, அதான் அவ. இப்ப இந்த வூட்டுல எனக்குப் பதில் சொல்றது மிக்ஸி, குக்கர், டம்ளர், அவ்வளவுதான். டம்ளர வைக்கிற சத்தத்துலயே காப்பியில சக்கரை இருக்குதா இல்லியான்னு தெரிஞ்சுரும்.

நீங்க நாலாவது ஆளு. முன்ன வந்த மூணு பேருக்கும் திடீர்னு அவசர வேலை வந்துருச்சு. அதுல ஒருத்தரு நான் பாதி பேசிக்கிட்டு இருக்கும்போதே போய்ட்டாரு. என்னா நாகரிகமோ.

இஞ்சினு? இஞ்சினப் பத்திக் கேக்கவே வேணாம். பொய் சொல்ல மாட்டேன், முப்பத்தோரு வருஷம் நூலகத்துல இருந்தவன். இஞ்சின் தங்கம். கிளட்ச், பிரேக்கு, எல்லாம் சுத்தம். ஏன்னா அதையெல்லாம் பாத்துக்கிட்டது அவ. ஓட்டறதும் அவதான். எனக்கு ஓட்டத் தெரியாது. இருபத்திரெண்டு வருஷமா பக்கத்து சீட்டு. "லெப்ட்டுல பஸ்ஸு வருது, ரைட்டுல மாடு"ன்னு சொல்லிக்கிட்டு வருவேன். "எனக்குக் கண்ணு தெரியும்"பா. அதுவும் ஒரு பேச்சுதானே? இப்ப யோசிச்சா நல்ல பேச்சாத்தான் தோணுது.

க்ரீம் கலர் இல்ல தம்பி. டின்னுல "ஐவரி"ன்னு போட்டிருக்குது, தந்தம். ஆர்சியில வெள்ளை. ஐவரி வெள்ளைக்கு சித்தப்பா புள்ள மாதிரி, அதிகாரி கேட்டா சொல்லிக்கலாம்னு நெனச்சேன். இதையெல்லாம் யோசிச்சவன்தான் நான். யோசிக்காம ஒரு வேலையும் செய்ய மாட்டேன், அதான் என் பிரச்சினையே.

ஏன் நானே பெயிண்ட் அடிச்சேன்னு கேளுங்க. கேக்கலியா? பரவால்ல, சொல்றேன். அவ போஸ்ட் ஆபீஸ்ல போஸ்ட்மாஸ்டர். மே மாசம் முப்பத்தொண்ணாந்தேதி ரிட்டையர்மெண்ட். உங்களுக்குத் தெரியும், அன்னைக்கு ஆபீஸ்காரங்க எல்லாரும் மாலை போட்டு, கார்ல ஒக்கார வச்சு, வூட்டு வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டுப் போவாங்க. தெருவே வெளியில வந்து நிக்கும், ஆரத்தி எடுக்கும். எல்லாருக்கும் அதுக்கு வாடகைக் கார்தான் புடிப்பாங்க. இவ என்னா சொன்னா? "நான் என் கார்லயே வருவேன். நானே ஓட்டிக்கிட்டு வருவேன். மாலைய கழுத்துலேருந்து கழட்ட மாட்டேன்." ஒரு மனுஷிக்கு ஆசைன்னு வேற என்னா இருக்க முடியும் சொல்லுங்க. ஆனா கார் அன்னைக்கு இருந்த கோலம்... கடல் காத்துல கதவுக்குக் கீழ துரு, மேல வெய்யில்ல வெளுத்து தேமல் மாதிரி. "நான் பாத்துக்கறேன் புஷ்பா"ன்னேன். நான் அப்படிச் சொன்னாலே அவளுக்குப் பயம் வரும். அன்னைக்கு ஏனோ வரல. நம்பிட்டா.

பட்டறையில கேட்டேன். அவன் சொன்ன தொகைக்கு கார இன்னொரு தடவ வாங்கலாம். சரின்னு வீடியோ பாத்தேன், பதினேழு பாத்தேன். பதினாறு பேரு "வூட்டுல பண்ணாதீங்க"ங்கறான். ஒருத்தன் மட்டும் ரோலர்ல அடிச்சு, கண்ணாடி மாதிரி ஆக்கிக் காட்டுறான். நூலகத்துல இருந்தவன் எதை எடுப்பான்? பதினாறு பேரு ஒரே மாதிரி சொன்னா அது ஒரே புத்தகத்தோட பதினாறு பிரதி. வேற மாதிரி சொல்றவனத்தான் எடுத்துப் படிக்கணும். இப்ப சொல்றேன், அது தப்பு. எழுதி வச்சுக்கோங்க.

பெயிண்ட் கடைக்காரன் கேட்டான், "கேட்டுக்குங்களா, ஜன்னலுக்குங்களா?" எனாமல் பெயிண்ட்டு. நான் "இரும்புக்கு"ன்னேன். பொய்யா? காரும் இரும்புதான். அவன் மறுபடி "எந்த இரும்பு"ன்னு கேட்டிருக்கணுமில்ல? கேக்கல. வியாபாரம் பண்றவன் கேள்வி கேக்கத் தெரிஞ்சவனா இருக்கணும். அங்கதான் அவன் தப்பு.

ஆனா வேலையில குறை சொல்ல முடியாது தம்பி. நாலு நாள் உப்புத்தாள் போட்டுத் தேச்சேன். பள்ளத்துல பட்டி வச்சேன், பிரைமர் அடிச்சேன். கண்ணாடிக்கெல்லாம் பேப்பர் ஒட்டி மறைச்சேன். ஒட்டுன பேப்பரப் படிச்சதுல ஒரு மத்தியானம் போச்சு, அது தனி. டின்னுல இருந்த பொடி எழுத்து மொத்தமும் படிச்சேன். "நாலு மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாது. முழுசாக் காய பதினெட்டு மணி நேரம்." ரெண்டு வரியும் மனப்பாடம். கேட்டீங்களா, ரெண்டும்.

ஞாயித்துக்கெழம. விடியக்காலம் ஆரம்பிச்சு பத்து மணிக்குள்ள கடைசிப் பூச்சு முடிச்சுட்டேன். தம்பி, அந்தப் பத்து மணிக்கு நீங்க பாத்திருக்கணும். மோர் தெளிஞ்ச மாதிரி நிக்குது கார்! தெருவுல போன தபால்காரரே சைக்கிள நிறுத்திப் பாத்தாரு. ஞாயித்துக்கெழம தபால்காரரு ஏன் போனாருன்னு கேக்காதீங்க, கறி வாங்கப் போனாரு. அவ அன்னைக்கு ஊருல இல்ல. உங்க ஊருக்குத்தான் போயிருந்தா, தங்கச்சி சந்திரலேகா வூட்டுக்கு, விழாவுக்குக் கூப்புட. பஸ்ஸுலதான் போனா. கார்தான் காய்ஞ்சுக்கிட்டு இருக்குதே.

ரெண்டு மணிக்குத் தொட்டுப் பாக்குறேன், ஒட்டல. நாலு மணி நேரம், கணக்கு சரி. அப்பத்தான் இந்தக் காக்கா வந்துச்சு. நேரா பானெட்டுக்கு மேல கிளையில குந்திக்கிட்டு என்னயே பாக்குது. வேப்பம்பழ காலம் தம்பி, அது எப்ப என்னா பண்ணும்னு சொல்ல முடியாது. கையத் தட்டுனேன், கல்லு எடுத்தேன், போவல. மூடணும். தார்ப்பாய் இருக்குது, எங்க? நெல்லிக்குப்பத்துல மச்சான் சுப்பராயலு வூட்டுல, கரும்பு லாரித் தார்ப்பாய். கேட்டா உடனே குடுப்பாரு, ஆனா கூடவே அவரும் வருவாரு. வந்து, "மாமா, இத பட்டறையிலயே குடுத்திருக்கலாமே"ன்னு ஆரம்பிப்பாரு. அந்தப் பேச்சுக்குக் காக்காவே மேல். போர்வை போடலாம்னா, எட்டாது.

அப்பத்தான் இந்தக் காத்து. கடலூர்ல மூணு மணிக்குக் கடல் காத்து எடுக்கும், உங்களுக்குத் தெரியும். கொடியில புடவை ஒண்ணு காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. காத்துல பறந்து வந்து கார் மேல விழுந்துருச்சு. அவ்வளவுதான் நடந்தது. அவகிட்டயும் அதத்தான் சொன்னேன். "காத்து, புஷ்பா"ன்னேன். அவ காரைப் பாத்தா, புடவையப் பாத்தா, கொடியப் பாத்தா, என்னயப் பாத்தா. உள்ள போய்ட்டா. அதோட நின்னதுதான் பேச்சு.

சாதாரணப் புடவையா இருந்தாக்கூடப் பரவால்லியே! விழாவுக்குன்னு எடுத்தது. அரக்குக் கலர்ல பருத்தி, கரையில மயில், நூல் எழும்பி நிக்கிற மாதிரி நெசவு. சாயம் போவாம இருக்கணும்னு உப்புத் தண்ணியில அலசிக் காயப் போட்டுட்டு, "பாத்து எடுத்து வையுங்க"ன்னு சொல்லிட்டுத்தான் பஸ் ஏறுனா. உப்புத் தண்ணிக்கு எனாமலப் பத்தி ஒண்ணும் தெரியல. நல்ல வெய்யில்ல மேலாக்க காய்ஞ்ச பெயிண்ட்டு அடியில அல்வா மாதிரி இருந்திருக்குது. சாயங்காலம் உரிச்சேன். புடவையில பாதிக் கார் வந்துச்சு, கார்ல பாதிப் புடவை நின்னுச்சு.

முப்பத்தொண்ணாந்தேதி வாடகைக் கார்தான் வந்துச்சு. மாலை, கைத்தட்டு, எல்லாம் உண்டு. அவ பின் சீட்டுல பழைய பச்சைப் புடவையில ஒக்காந்திருந்தா. பின் சீட்டுல அவள நான் பாத்ததே இல்ல தம்பி... சின்னதாத் தெரிஞ்சா. வண்டிய நம்ம கார் பக்கத்துலயே நிறுத்திட்டாங்க. எறங்கினா, ஆரத்தித் தட்டப் பாத்தா, இந்தப் பானெட்டு மயிலப் பாத்தா, உள்ள போய்ட்டா. மறுநாள் விளம்பரம்.

அய்ய, டிக்கியத் தொறக்காதீங்க! ஒண்ணுமில்ல, காலி டின்னு, பிரஷு... நாறும். இந்தப் பக்கம் வாங்க. கொடியில முட்டிக்காதீங்க. துணிய எல்லாம் முடிச்சுப் போட்டுக் கட்டி வச்சிருக்கா பாருங்க, கிளிப்பு ஒண்ணும் காணோமாம். பறந்து பறந்து போவுதுன்னு பக்கத்து வூட்டம்மாகிட்ட சொன்னத சுவத்துக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டேன். அது வேற கதை.

பட்டறையில குடுத்து நீங்க வேற பெயிண்ட் அடிச்சுக்குவீங்களா? அடிங்க, உங்க இஷ்டம். ஆனா அதுக்கு முன்னாடி இந்த மயில மட்டும் ஒரு தடவ குனிஞ்சு பாருங்க. வந்தவங்க எல்லாம் "கறை"ங்கறாங்க. கறையா இது? ஒவ்வொரு மயிலுக்கும் கொண்டை தெரியுதா? எண்ணிப் பாருங்க, இந்த ஓரத்துல பதிமூணு, அந்த ஓரத்துல பதிமூணு. முந்தி பானெட்டுல, உடம்பு கூரையில, கொசுவம் டிக்கியில. ஒரு கோடு கோணல் உண்டா?

என்னா கேட்டீங்க? காத்துல விழுந்த புடவை எப்படி இவ்வளவு நேரா விழுந்துச்சா?

தம்பி, நீங்க விஷயம் தெரிஞ்சவரு. காத்துல விழுந்தா இப்படி வருமா! சுருண்டு, மடிஞ்சு, ஒரு மூலையில கெடக்கும். இது இழுத்துக் கட்டுனாத்தான் வரும். முன்னாடி கிரில்லுல ரெண்டு கிளிப்பு, வைப்பர்ல ரெண்டு, கதவுக்கு மேல தண்ணி வழியற விளிம்பு இருக்குது பாருங்க, அதுல பக்கத்துக்கு ஒண்ணு, பின்னாடி நம்பர் பிளேட்டுல ரெண்டு. எட்டு. ரெண்டு பக்கமும் சமமா இழுத்து, அளவு பாத்து நாந்தான்...

மிக்ஸி நின்னுருச்சு.

...தேங்கா அரைச்சு முடிஞ்சிருக்கும். ஆமா. அதுக்குத்தான் நின்னிருக்கும். தம்பி, கொஞ்சம் மெதுவாப் பேசுவோம். நான் என்னா சொன்னேன் இப்ப? காத்துன்னுதானே சொன்னேன்? தம்பி? எங்க போறீங்க, வண்டிய ஏன் ஸ்டார்ட் பண்றீங்க, விலையே பேசலியே! இருங்க, டீயாவது...

போய்ட்டாரு. நாலாவது ஆளு.

என்னா புஷ்பா? ...என்கிட்டயா கேக்குற? ...கிளிப்பா?

இருக்குது. எட்டும் இருக்குது. டிக்கியில, டின்னுக்குள்ள போட்டு வச்சிருக்கேன். ஆறுல மட்டும் பெயிண்ட்டு... இல்ல, நீ கேட்டதுக்குத்தான் சொல்றேன், டர்பன்டைன்ல ஊறப் போட்டா பத்து நிமிஷத்துல... சரி. சரி. ஊறப் போடல. அப்படியே எடுத்துக்கிட்டு வர்றேன்.