விறகுக் கொட்டிலில் அரை அந்தர்

கல்முனையில் ஏறிய பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவரின் கையில் ஆஸ்பத்திரித் துண்டு.

"உசிரு போகுது, மௌத்தாகப் போறன் எண்டு நினைச்சு, முதலாளிக்கிட்டப் போய் என்ட களவ மன்னிச்சுப் பொருந்திக்கங்க எண்டு கேட்டுட்டன் மச்சான்."

"என்ன களவு?"

"கிலோக் கணக்கு வந்த பிறகு நெல் ஆலையில நிறுக்காமச் சும்மா கிடந்த அரை அந்தர்ப் படிக்கல்லு. பிடி வெச்ச இரும்பு, இருபத்தஞ்சு கிலோ வரும். கேக்காம வீட்ட கொண்டு போய் ஒத்தக் கையால தலைக்கு மேல தூக்கிப் பழகினன். முந்தாநாள் இடப்பக்க நெஞ்சுல பிடிச்சிட்டு. பொஞ்சாதி, சாகக் கிடக்கிறவங்களுக்கு ஓதுற யாஸீன ஓதத் தொடங்கிட்டா."

"டொக்டர் என்ன சென்னாரு?"

"நெஞ்சில ஒண்டுமில்லையாம். தோள் சதை இழுபட்டிரிக்காம். அல்ஹம்துலில்லாஹ்."

"எப்பிடித் தூக்கின?"

அவர் முழங்கையைப் பக்கவாட்டில் விரித்து, முதுகை வளைத்துக் காட்டினார். பக்கத்தில் நின்றவரின் தொப்பி சரிந்தது.

"பிழை. கொழும்பில பளு தூக்கிப் பழகினவன் செல்றன், கேளு. முழங்கை விலாவோட ஒட்டி இரிக்கணும். மணிக்கட்டு மடியப்படா. கல்லு காதுக்குப் பக்கத்தால நேரா மேல போகணும். முதுகு வளைஞ்சா ஒரு முழங்காலக் குத்தி நிண்டு தூக்கு. ஏன் இப்பிடிக் கோணிப் பழகின?"

"ஒளிச்சு வெச்சது விறகுக் கொட்டில்ல. கூரை பதிவு, தலையில முட்டும், நேராத் தூக்க ஏலா."

"முதலாளி என்ன சென்னாரு?"

"சிரிச்சாரு. பொருந்திட்டன், கல்லையும் நீயே வெச்சுக்க எண்டாரு."

ஜன்னலோரம் இருந்தவர் சாய்ந்தமருதில் இறங்கும்போது அவருடைய முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது.

"தோள் சுகமாகட்டும்," என்றார். "இனி வீட்டு முத்தத்தில வெச்சுத்தான் தூக்குற. அங்க கூரை இல்ல."