ஆறாவது நிமிஷத்தில் ஒரு கதவு

— நீங்க ஆலையில அளவு எடுத்தப்போ, டேப்போட இன்னொரு முனையப் புடிச்சிக்கினு நின்னது நான்தாங்க மேடம்.

— அன்னைக்கு மூஞ்சில துணி கட்டியிருந்தீங்க, அதான் அடையாளம் தெரியலை. ஆனா குரல் ஞாபகம் இருக்கு. "பதினோரு மீட்டருங்க"ன்னு கத்தினீங்க. வாசல்லயே ஏன் நிக்கிறீங்க, உள்ள வாங்க.

— செருப்பெல்லாம் சேறுங்க.

— இருக்கட்டும், வாங்க. அம்மா அப்பா வெளியூர் போயிருக்காங்க, நான் மட்டும்தான். தண்ணி குடிங்க. ஆலையில இருந்து பேப்பர் ஏதாவது குடுத்து அனுப்பினாங்களா?

— யாரும் அனுப்பலிங்க. நானாத்தான் வந்தேன். கம்மாபுரத்துலேர்ந்து பஸ்ஸு புடிச்சி வந்து, கம்ப்யூட்டர்ல காத்து பாக்கிற மேடம் குவார்ட்டர்ஸ் எதுன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல. மைன்ஸ்ல வேலை பாக்கிற சண்முகசுந்தரம் சார் பொண்ணுன்னு கேட்டப்புறம்தான் வழி காட்டுனாங்க.

— என் பேரு வளர்மதிங்க.

— நான் செங்கமலம். அந்தக் கரித்தூள் ஆலையில செத்துப்போன ரெண்டு பேர்ல கொளஞ்சிநாதன்னு ஒருத்தரு. அவுரு எங்கூட்டுக்காரருங்க.

— அய்யோ. அன்னைக்கே ஏன்க்கா சொல்லலை?

— சொல்லியிருந்தா டேப்ப வேற யாரு கையிலயாச்சும் குடுத்திருப்பாங்க. அவுரு வுழுந்து கெடந்த எடத்தை நீங்க எப்படி எழுதிக்கிறீங்கன்னு நான் பாக்கணும்னு இருந்துச்சி.

— சரியா எழுதினேனா?

— மொதல்ல தப்பா எழுதுனீங்க. "இங்க இல்லிங்க, இன்னும் கொஞ்சம் கதவாண்ட"ன்னு நான் சொன்னதும் அடிச்சிட்டு மாத்தி எழுதுனீங்க.

— ஆமா. மாத்தினேன்.

— நாளைக்குப் பதினோரு மணிக்கு விருத்தாசலம் கோர்ட்டுல நான் சாட்சி சொல்லணும் மேடம். அதுக்கு முன்னாடி உங்களாண்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன்.

— கேஸ் விஷயமா நான் எதுவும் பேசக்கூடாதுக்கா. விபத்து எப்படி நடந்துச்சுன்னு பாத்து எழுதித் தரச் சொல்லி எங்க கம்பெனிக்கு வேலை குடுத்ததே அந்த ஆலைதான். ரிப்போர்ட் இன்னும் முடியலை.

— ரிப்போர்ட்டெல்லாம் எனக்கு வேணாங்க. நான் கதவைத் தொறந்திருந்தா அவுரு பொழைச்சிருப்பாரா? அவ்ளோதான்.

— நீங்க கதவுகிட்டயா இருந்தீங்க?

— மூட்டை தைக்கிறவ மேடம் நான். எதுத்தாப்லதான் கரித்தூள் காய வெக்கிற ஷெட்டு. பொகை வந்து அலாரம் அடிச்சா ஷட்டரு தானா எறங்கிடும். அதைத் தூக்குற சுச்சி வெளிப்பக்கம்தான். உள்ளேர்ந்து தட்டுனாங்க. மொதல்ல ரெண்டு பேரு தட்டுறது கேட்டுச்சி. நான் சுச்சிக்கிட்ட ஓடிட்டேன். சூப்பர்வைசர் ஜெயப்பிரகாஷ் என் கையப் புடிச்சிக்கினாரு. அவுரு காதுல போனு, அந்தப் பக்கம் மேனேஜரு. அந்தாளு கத்துன கத்துல எனக்கே கேட்டுச்சி. "தொறக்காத, காத்து பட்டா மொத்த சரக்கும் எரிஞ்சிடும், ஃபயர் வண்டி வரட்டும்"னாரு.

— நீங்க என்ன பண்ணீங்க?

— கைய ஒதறிக்கினு அமுக்கியிருக்கலாம். ஜெயப்பிரகாஷ் ஒண்ணும் அவ்ளோ பலமாப் புடிக்கல. ஆனா "காத்து பட்டா எரியும்"னதும் உள்ள இருக்கற மனுசன் எரிஞ்சிடுவாரேன்னு நெனச்சிட்டேன். அப்படியே நின்னுட்டேன். கொஞ்ச நேரத்துல ஒருத்தரு தட்டுறதுதான் கேட்டுச்சி. அப்புறம் அதுவும் இல்ல.

— எவ்வளவு நேரம் கழிச்சுத் திறந்தாங்க?

— ஃபயர் வண்டி வந்து தொறக்க நாப்பது நிமிசம் ஆச்சி. நான் சுச்சிக்கிட்ட போனது அலாரம் அடிச்ச ஆறாவது நிமிசம். செவுத்துல கடிகாரம் இருக்குது, பாத்தேன். மூணு மாசமா படுத்தா அந்தக் கடிகாரம்தான் மேடம். என் பொண்ணு மணிமொழி போன்ல தேடிப் பாத்துட்டுச் சொன்னா, உங்க மிசின்ல போட்டா எல்லாம் தெரியும்னு.

— மிஷின் இல்லக்கா, சாஃப்ட்வேர். அந்த ஷெட்டை அளவு மாறாம கம்ப்யூட்டருக்குள்ள கட்டிடுவேன். காத்து எப்படிப் போகுது, புகை எங்க தேங்குதுன்னு அது கணக்குப் போட்டுக் காட்டும். போன வருஷம் வரைக்கும் இந்த லேப்டாப்லதான் ஓட்டினேன். ஒரு தடவை ஓட்ட மூணு நாள் ஆகும். இப்போ கிளவுட்ல போயிடுது. எங்கயோ இருக்கிற நூத்துக்கணக்கான கம்ப்யூட்டர் பங்கு போட்டுக்கிட்டு இருபது நிமிஷத்துல முடிச்சிடுது.

— அதுல கதவைத் தொறக்க முடியுங்களா?

— பழசுல முடியாது. கதவு திறந்திருக்கா மூடியிருக்கான்னு ஆரம்பத்துலயே சொல்லிடணும், கடைசி வரைக்கும் அப்படியேதான். போன மாசம் புது வெர்ஷன் வந்திருக்கு. ஓடிக்கிட்டு இருக்கும்போதே நடுவுல திறக்கலாம். ஆள் நின்ன இடத்தைக் குறிச்சா, அவர் மூக்கு உயரத்துல என்ன காத்து இருந்துச்சுன்னு நிமிஷத்துக்கு நிமிஷம் காட்டும்.

— நீங்க தொறந்து பாத்தீங்களா?

— இல்லக்கா.

— ஏங்க?

— எங்க மேலதிகாரி கோபாலகிருஷ்ணன் சார் வேணாம்னுட்டாரு. "மூடின கதவை மட்டும் ஓட்டு வளர்மதி, அவங்க கேக்காததை நாம ஏன் பாக்கணும்?"னாரு. மீறி ஓட்டினா என் பேரும் நேரமும் அதுல பதிஞ்சிடும். என்னால அழிக்க முடியாது. அதுவும் புதுசா வந்ததுதான்.

— அப்போ வேணாங்க மேடம். உங்க வேலைக்கு ஒலை வெக்க நான் வரல. கெளம்பறேன்.

— உக்காருங்க. சுவிட்சை அமுக்கினா ஷட்டர் முழுசா ஏற எவ்வளவு நேரம் ஆகும்?

— மேடம்...

— சொல்லுங்கக்கா.

— ஒண்ணர நிமிசம். கரகரன்னு மெதுவாத்தான் ஏறும்.

— உள்ள ரெண்டு பேரும் எங்க நின்னிருப்பாங்க?

— கதவாண்டதாங்க, தட்டிக்கினு. எங்கூட்டுக்காரரு அஞ்சேகால் அடி. கூட இருந்தவரு கார்முகில், அவுரு ஆறடி ஆளு. எங்கூட்டுக்காரரு இடது பக்கம். அந்தப் பக்கம்தான் அவுரு கை ஒசரத்துல ஷட்டரு தகரம் நசுங்கியிருந்துச்சி.

— போட்டுட்டேன். ஓடுது.

— இந்த செவப்பு என்னாங்க?

— விஷ வாயு. குவிச்சு வெச்ச கரித்தூள் உள்ளுக்குள்ள கனிஞ்சா வரும். கண்ணுக்குத் தெரியாது, வாடையும் கிடையாது. நாம பாக்கறதுக்காக இது கலர் குடுத்துக் காட்டுது.

— இந்த ரெண்டு பொம்மை?

— அவங்கதான்க்கா.

— சின்னது எங்கூட்டுக்காரரா?

— ம்.

— மொகமே இல்லியே.

— இதுல முகம் வெக்க மாட்டாங்க.

— அதுவும் நல்லதுதான்.

— டீ போடட்டுமா? இன்னும் பதினஞ்சு நிமிஷம் ஆகும்.

— வேணாங்க. என்னால எதுவும் எறக்க முடியாது. அன்னிக்குக் கத்திரிக்கா காரக்கொழம்பு மேடம். ரெண்டு பேருக்கும் ஒரே டப்பாவுலதான் கொண்டாருவேன். எனக்குப் பசி தாங்கல, என் பங்க முன்னாடியே தின்னுட்டேன். அவுரு பங்கு சாயந்தரம் வரைக்கும் அப்படியே இருந்துச்சி. போலீசு வந்து, யாருதுன்னு அந்த டப்பாவைத் தூக்கிக் காட்டிக் கேட்டாங்க. என்னுதுன்னு சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சி. முன்னாடியே தின்னுட்டேனேன்னு.

— பசிக்கு சாப்பிடறது தப்பாக்கா?

— தப்பில்லதான். ஆனா மனசு கேக்கலியே. பத்தொம்பது வருசம் ஒண்ணா வேலைக்குப் போனவரு. எங்க காண்ட்ராக்ட் எடுத்தாலும் "எம் பொண்டாட்டிக்கும் சேத்து வேலை குடுத்தாத்தான் வருவேன்"னு நிப்பாரு. இந்த ஆலைக்கு மட்டும் மொதல்ல வந்தவ நான். அவுர இட்டாந்தது நான்தான். பேசிக்கினே கால் மணி ஓடிடுச்சி. பச்சையா ஒரு டிக்கு வந்திருக்குது பாருங்க. முடிஞ்சிடுச்சா?

— ம்.

— ஏன் மேடம் கம்ப்யூட்டர அந்தாண்ட திருப்பிக்கிட்டீங்க?

— ஜன்னல் வெளிச்சம் அடிக்குதுக்கா. நம்பர் தெரியலை. கொஞ்சம் இருங்க.

— எவ்ளோ நேரமாப் படிக்கிறீங்க?

— இருங்க.

— எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க. தாங்கிக்குவேன். தெரியாம இருக்கறதைத்தான் தாங்க முடியல.

— வித்தியாசம் ஒண்ணும் இல்லக்கா.

— அப்படின்னா?

— ஆறாவது நிமிஷம் நீங்க திறந்திருந்தாலும் இதேதான். அதுக்கு முன்னாடியே அவங்க உடம்புக்குள்ள போனது போதும். யாராலயும் காப்பாத்தியிருக்க முடியாது.

— நெசமாவா?

— நீங்க நின்னதால எதுவும் நடக்கலை. இனிமே அந்தக் கடிகாரத்தை நினைக்காதீங்க.

— கம்ப்யூட்டரு தப்பாச் சொல்லாதில்ல?

— கம்ப்யூட்டர் சொல்றது சரியாத்தான் இருக்கும்.

— மேடம், உங்க கையக் குடுங்க. ஒரு நிமிசம் புடிச்சிக்கறேன்.

— அழுதுடுங்கக்கா.

— அழல. மூச்சு விடறேன். மூணு மாசத்துல இன்னிக்குத்தான் உள்ள வரைக்கும் எறங்குது. நல்லா இருங்க மேடம். மூணு மணி பஸ்ஸப் புடிச்சா குறிஞ்சிப்பாடி போயி ஜெயப்பிரகாஷப் பாத்துட்டு வூட்டுக்குப் போயிடுவேன்.

— அவரை எதுக்குப் பாக்கணும்?

— நாளைக்குச் சொல்ல மாட்டேன்னு சொல்றதுக்குத்தான்.

— எதைச் சொல்ல மாட்டீங்க?

— மேனேஜரு போன்ல சொன்னதை. போன் வந்தது எல்லாருக்கும் தெரியும். என்ன சொன்னாருன்னு ஜெயப்பிரகாஷ வுட்டா காதால கேட்டவ நான் ஒருத்திதாங்க. அவுரு வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு. நான் சொன்னாத்தான் கேஸு நிக்கும்னு வக்கீலு சொன்னாரு.

— அப்போ சொல்லுங்க! ஏன் சொல்லக்கூடாது?

— அந்தாளு தொறக்க வேணாம்னதாலதான் எம் புருசன் செத்தாருன்னு இத்தினி நாளும் நெனச்சிக்கினு இருந்தேன். தொறந்தாலும் செத்திருப்பாருன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்புறம் அந்தாளு மேல என்னாங்க பழி? ஆலை பூட்டிக் கெடக்குது. நாப்பது பொம்பளைங்க வேலை இல்லாம தெனமும் எங்க வூட்டாண்ட வந்து நிக்கிறாங்க. காதுல ஒண்ணும் வுழலன்னு சொல்லிடறேன். அடுத்த மாசம் தொறந்துடுவாங்க. மணிமொழியையும் உள்ள சேத்துக்கறோம்னு ஆலைக்காரங்க சொல்லியிருக்காங்க. பன்னெண்டாவது முடிச்சிட்டு சும்மாதான் இருக்குது.

— மூட்டை தைக்கவா?

— இல்லிங்க, ஷெட்டுக்குள்ளாறதான். ரெண்டு எடம் காலியா இருக்குதில்ல.

— அதே மேனேஜரா?

— அதே மேனேஜருதான்.

— ஷட்டர்?

— அதேதாங்க. சுச்சி வெளியதான் இருக்குது. ஏன் மேடம், மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சே உங்களுக்கு?

— போகாதீங்கக்கா.

— பஸ்ஸு போயிடுங்க.

— போகட்டும். செங்கமலம் அக்கா, உக்காருங்க. தயவுசெஞ்சு உக்காருங்க.

— என்னாங்க மேடம்? அதான் எல்லாம் சொல்லிட்டீங்களே.

— நான் சொன்னது பொய்க்கா. நீங்க அமுக்கியிருந்தா ரெண்டு பேரும் நடந்தே வெளிய வந்திருப்பாங்க.