கூரையேறிய மயில்கள்

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ ஊருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு தமிழர்கள் இருந்தார்கள். இளையவர் சொன்னார்: "நேற்று மயிலாலை என்ரை வேலை போகப் பாத்தது, அண்ணை."

"மயிலாலையோ?"

"ஓம். நான் தோட்டவேலை செய்யிற பெரிய வளவிலை நாலு மயில் நிக்குது. கூட்டைப் பூட்ட மறந்திட்டன். நாலும் கூரையிலை ஏறிட்டுது, பனியும் கொட்டுது. வீட்டுக்கார மதாம் அழுதுகொண்டு, இனி வேலைக்கு வராதையெண்டிட்டா."

"பேந்து?"

"மன்னாரிலை வயலுக்கு வாற மயிலைக் கலைச்சுத்தான் எனக்குப் பழக்கம், கூப்பிடத் தெரியாது. சாப்பிடக் கொண்டுபோன புட்டை முற்றத்திலை கொட்டினன். நாலும் இறங்கி வந்திட்டுது."

"மதாம்?"

"கட்டிப்பிடிச்சு அழுதா. என்ரை அகதி வழக்குக்கு உடனை ஒரு கடிதமும் எழுதித் தந்தவ."

"என்னெண்டு?"

"மயில் வளர்ப்பிலை நான் பரம்பரை அனுபவசாலியாம்."