‘புரியலை’ சொல்லும் உத்தியோகம்

மேடையில் இருக்கும் மேயர் டுவேன் கெட்டில்சன் அவர்களே, போதகர் அவர்களே, ஆர்டிஸ் அம்மையாரின் கணவர் ஆர்லோ அவர்களே, காபிக் கோப்பையோடு நிற்கும் ஊர்ப் பெருமக்களே! இதையெல்லாம் இரண்டாம் முறையாகச் சொல்கிறேன். முதல் முறை மைக்கை ஆன் செய்ய மறந்துவிட்டேன். ஒருவராவது சொன்னீர்களா? அழகாகத் தலையாட்டிக்கொண்டிருந்தீர்கள்!

இந்தத் தலையாட்டலைத்தான் நம் நகர அலுவலகத் தகவல் அதிகாரி ஆர்டிஸ் டோலஃப்சன் ஒருநாளும் நம்பியதில்லை. வெள்ளமோ பனிப்புயலோ, அறிவிப்பு வானொலிக்குப் போகுமுன், பனி அள்ளும் வண்டி ஓட்டுகிற என்னைக் கூப்பிடுவார். "வெர்லின், படிச்சுக் காட்டுறேன். புரியலைன்னா வெட்கப்படாம சொல்லு. உனக்குப் புரிஞ்சா ஊருக்கே புரிஞ்ச மாதிரி."

இது பாராட்டா, ஏச்சா? இன்றுவரை எனக்குக் குழப்பம்தான்.

ஆறு கரையை உடைக்கப் பார்த்த அந்த ஏப்ரலில் மேயர் எழுதிக் கொடுத்தது நினைவிருக்கிறதா? "தாழ்வான பகுதிகளில் வசிப்போர், தேவைப்படின் வெளியேற ஆயத்தமாக இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

"புரியலைங்க. போகணுமா, இருக்கணுமா?" என்றேன்.

"இவன் கிடக்கிறான். அனுப்புங்க ஆர்டிஸ்!" என்றார் மேயர்.

"இவனை மாதிரி ஆளுங்கதான் டுவேன், உனக்கு ஓட்டுப் போட்டது." மேயரின் வரியை அடித்துவிட்டு எழுதினார் அம்மையார்: "லூத்தரன் சர்ச்சுக்குத் தெற்கே இருக்கீங்களா? இப்பவே கிளம்புங்க. பள்ளிக்கூடத்துக்கு வாங்க. நாய் பூனையையும் கூட்டிட்டு வாங்க."

"இப்ப நல்லாப் புரியுது," என்று சிரித்தேன்.

"அப்புறம் ஏன் இங்கயே நிக்கிற? உன் வீடு எங்கடா இருக்கு?"

தெற்கே!

ஓடினேன். வானொலி எனக்கு முந்திக்கொண்டது. மனைவியும் இரண்டு பெண்களும் நாயைப் பிடித்தபடி வாசலில் தயாராக நின்றார்கள். சாயங்காலம் எங்கள் சமையலறை ஜன்னல்வரை தண்ணீர்.

அப்படிப்பட்டவர் இல்லாமல் இந்த வசந்தத்தை எப்படிக் கடப்போம்? ஆறு இப்போதே பெருகுகிறது. இனி அறிவிப்பை நீயே எழுது என்கிறார் மேயர். எழுதுகிறேன்! ஆனால் ‘புரியலை’ என்று சொல்ல எனக்கும் ஓர் ஆள் வேண்டுமே, யார் வருகிறீர்கள்? தலையாட்டாதீர்கள், வாயைத் திறந்து சொல்லுங்கள்!

"நான் வர்றேன்டா," என்றார் மேயர்.

கூட்டம் சிரித்தது. நான் இறங்கிவிட்டேன்.

மேடையில் சொல்லாதது ஒன்று உண்டு. ஆர்லோ எனக்கு அனுப்பிய செய்தி இதுதான்: "ஆர்டிஸ் இறந்துட்டா. காலையில. தூக்கத்துல." ஆர்டிஸே திருத்தியிருந்தாலும் அதில் ஒரு சொல்லைக்கூட மாற்றியிருக்க மாட்டார். திரும்பத் திரும்பப் படித்தேன்.

புரியலைங்க, ஆர்டிஸ்.