கடைசி நாடாவின் சீட்டு

இரைச்சலென்று உலகம் ஒதுக்கியதை இசையென்று உணர்ந்த நுண்செவிக்கு உரியவரே! ஆவணக் காப்பகத்தின் அடித்தளத்தில் அமர்ந்து, அலுக்காமல் சலிக்காமல், பத்தொன்பது ஆண்டுகள் காந்த ஒலிநாடாக்களோடு வாழ்ந்த இசை ஆய்வாளரே! எங்கள் அம்மா அவர்களே! தாங்கள் ஓய்வு பெறும் இந்நாளில் கூப்பிய கைகளோடு நிற்கிறோம்.

நரம்பும் தோலும் இல்லாமல் மின்சாரத்தை மட்டுமே பாட வைத்த முன்னோடி ஒருவர். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ‘கம்பிக்காரர்’. அவர் காலமானபின் அவருடைய இருநூற்றுப் பதின்மூன்று நாடாக்கள் கொட்டும் மழையில் இங்கே வந்து இறங்கின. இறக்கியவர் எங்கள் சுமையாள். நனைந்த பெட்டிகளிலிருந்து பெயர்ச் சீட்டுகள் உரிந்து விழ, எழுத்தறியாத அந்த மனிதர் பசை வாங்கி வந்து கையில் கிடைத்ததையெல்லாம் திரும்ப ஒட்டினார். எதை எதில் ஒட்டினார் என்பது அவருக்கும் தெரியாது, ஆண்டவனுக்கும் தெரிந்திருக்காது!

மூன்றாம் மாதம் தாங்கள் காதொலிக் கருவியைக் கழுத்தில் மாட்டியபடி வெளியே வந்தீர்கள்.

“அண்ணே, இந்தச் சீட்டெல்லாம் யாரு ஒட்டினது?”

“நான்தாம்மா. வேலை போயிரும்னு பயந்து ஒட்டிட்டேன்.”

“எதைப் பாத்து ஒட்டினீங்க?”

“பெட்டியப் பாத்துதான்.”

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தீர்கள். “சரி விடுங்க, இனிமே காதைத்தான் நம்பணும்” என்றீர்கள். மேலிடத்துக்கு ஒரு வார்த்தை போகவில்லை. அவர் வேலையும் போகவில்லை.

அதன்பின் நடந்ததை நினைத்தால் இன்றும் மெய் சிலிர்க்கிறது! கம்பிக்காரரின் கருவி ஆண்டுக்கு ஆண்டு தேயத் தேய, அதன் அடியில் ஓடும் ரீங்காரம் தடித்துக்கொண்டே போனதைக் கண்டுபிடித்தீர்கள். அந்த ரீங்காரத்தையே நூலாகப் பிடித்து நாடாக்களை வரிசையாகக் கோத்தீர்கள். சோதித்துப் பார்க்க எங்கள் மின்பணியாளர் இரண்டு நாடாக்களை மாற்றிப் போட்டார். தாங்கள் தேநீரைக் கீழே வைக்கவுமில்லை. “இது அவரு அறையில சன்னல் மாத்துறதுக்கு முன்னாடி. அது அப்புறம். ஏன்ப்பா விளையாடுற?” அவர் நாடாக்களைப் பழையபடி மாற்றி வைத்தார். பின்னாளில் கிடைத்த கம்பிக்காரரின் குறிப்பேடும் தங்கள் செவி சொன்னதையே சொன்னது.

ஒரே ஒரு நாடா மட்டும் சீட்டில்லாமல் நின்றது. நாற்பது நிமிடமும் ஒன்றும் கேட்காத நாடா. காலி நாடா, அம்மா ஓய்வு பெற்றதும் கழித்துவிடலாம் என்று அலுவலகம் எழுதி வைத்தது. தாங்கள் மட்டும் மறுத்தீர்கள்: “காலி இல்லீங்க. ஒரு ஆளு இப்பத்தான் எழுந்து போயிருக்காரு. நாற்காலி இன்னும் ஆடுது.” “ஆளே இல்லாத நாற்காலியும் அம்மாவுக்குக் கேக்குது” என்று மாடியில் கேலி பேசினார்கள்.

அம்மா, பொறுத்தருள வேண்டும். அந்த மழை நாளில் ஒரு சீட்டு சுமையாளின் காலில் மிதிபட்டு இரண்டாகக் கிழிந்தது. தாங்கள் கேட்டபோதும் அதை மட்டும் அவர் மறைத்துவிட்டார். தகரப் பெட்டியின் அடியில் போட்டவர் மறந்தும்போனார். ஐம்பத்திரண்டு வயதில் எழுத்துக் கூட்டக் கற்றவர், இந்த மடலுக்குத் தாள் தேடிப் பெட்டியைத் திறந்தபோது அது கையில் பட்டது. இரண்டு துண்டையும் சேர்த்து வைத்து, விரல் வைத்து, ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார்:

‘நான் எழுந்து போன பிறகு, என் அறை.’

எழுத்தில்லாமலே தாங்கள் அதைப் படித்துவிட்டிருந்தீர்களே! இன்று காலை அவரே மாடியேறி, நடந்ததைச் சொல்லிச் சீட்டைக் கொடுத்தார். கழிவுப் பட்டியலில் அந்த நாடா இப்போது இல்லை. பதிவேட்டின் கடைசி வரியில் இருக்கிறது, பெயரோடு.

செவி மங்காமல், கால் சோராமல், நூறாண்டு கடந்தும் தாங்கள் நலமோடு வாழ வேண்டும்! நாளை காலை தங்கள் அறையைக் கூட்டுவதற்கு முன், விளக்கைப் போடாமல், நாங்கள் எல்லோரும் வாசலில் சற்று நேரம் நின்று கேட்போம்.

என்றும் தங்கள் அன்பில்,
அடித்தளத்துச் சுமையாள், மின்பணியாளர், துப்புரவுப் பணியாளர்கள், காவலர்