உருளைக்கிழங்கு அறையில் ஒரு பதிவு

உங்கள் தேநீரில் உப்பு குறைவு, இன்ஸ்பெக்டர் சார். எங்கள் மலையில் உப்புப் போட்டுத்தான் குடிப்போம். பரவாயில்லை, குடித்துக்கொண்டே சொல்கிறேன்.

எங்கள் மொழி பேசுகிறவர்கள் நானூறு பேர் இருந்தால் அதிகம். ஒரே சொல்லைத் தெளிந்த குரலில் சொன்னால் பனி. தொண்டையைத் தளர்த்தி மூச்சுக் கலந்து சொன்னால் மருமகன். அந்த மூச்சுக் குரலைப் பதிவு செய்யத்தான் காட்மாண்டுவிலிருந்து மொழி ஆராய்ச்சி செய்யும் ஊர்மிளா மேடம் வந்தார். செத்துப்போன ஊர்த் தலைவரின் மூத்த மகன் நான். வேறு யார் குரலைப் பதிவு செய்வார்?

மூன்று நாள் பேசினேன். நாலாம் நாள், "பீர்மான் அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு ரெண்டு குரலும் ஒண்ணாத்தான் வருது" என்றார். பதினெட்டு வருடம் கத்தாரில் கம்பி கட்டியதில் மூச்சுக் குரல் போய்விட்டதாம். என் இடத்தில் தம்பி பெண்டாட்டி சங்மாயாவை உட்காரவைத்தார். ஆற்றுக்கு அக்கரை ஊரிலிருந்து வாழ வந்தவள்.

அடுப்படியில் அவள் சொன்னாள்: "மருமகன் வந்திருக்காருன்னு பெரியத்தான் சொன்னா, நான் பனி தள்ள மண்வெட்டியத் தேடுறேன்!"

வீடே சிரித்தது. என் மகளும் சிரித்தாள். சிரிப்பாம், சிரிப்பு.

எனக்குக் கோபமில்லை சார். மொழியைப் பற்றித்தான் கவலை. அக்கரைக் குரல் புத்தகத்தில் ஏறினால், நாளைக்கு எங்கள் பிள்ளைகள் அதைத்தானே சரி என்பார்கள்?

பதிவில் வெளிச் சத்தம் விழாதபடி, உருளைக்கிழங்கு போட்டுவைக்கும் அறையின் சுவரெல்லாம் ரஜாய்ப் போர்வை அடித்து, சன்னலை அடைத்தது நான். அந்த எடுபிடி வேலைதான் எனக்கு மிஞ்சியது. நீங்கள் கேட்கிற அந்த நாளில் மேடம் பேட்டரி வாங்கச் சந்தைக்கு இறங்கியிருந்தார். சங்மாயா தனியாகவே சொற்பட்டியலைப் படிக்க உட்கார்ந்தாள். குளிருக்குக் கரியடுப்பு கேட்டாள். நிறையக் கரி போட்டு மூட்டிக் கொடுத்தேன். புகை போக விட்டிருந்த ஓட்டையில் பழைய கம்பளியைத் திணித்தேன். வெளியே தாழ்ப்பாள் போட்டேன். நடுவில் யாராவது திறந்தால் பதிவு கெட்டுவிடும் அல்லவா?

பிறகு களத்தில் உட்கார்ந்து தானியம் புடைத்தேன். கதவு தட்டுவது கேட்டது. அது நிற்கும்வரை புடைத்தேன்.

கருவி ஓடிக்கொண்டிருந்ததை நான் நினைக்கவில்லை. நேற்று நீங்கள் போட்டுக் காட்டினீர்களே: "பெரியத்தான், கதவத் தொறங்க. தல சுத்துது. பெரியத்தான், புள்ளைக்குப் பால் குடுக்கணும்."

எங்கள் மொழியில் கணவனின் அண்ணனைக் கூப்பிடும் சொல் மூச்சுக் குரலில்தான் தொடங்கும். கடைசிவரைக்கும் அவளுக்கு அது பிசகவேயில்லை.

காலையிலிருந்து அதே மாதிரி சொல்லிப் பார்க்கிறேன் சார். வரமாட்டேன் என்கிறது. அதை இன்னொரு தடவை போடுங்கள்.