புள்ளி வைத்த நாட்கள்

புது நோட்டின் முதல் பக்கத்தில் எழுத எனக்குக் கை வராது. எழுத்து கோணிவிட்டால் கடைசிப் பக்கம் வரை அந்தக் கோணல் கூடவே வரும் என்று ஒரு நினைப்பு. உங்களுக்கும் அப்படி உண்டா மேடம்? அதனால்தான் பழைய வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டேன். ஏட்டையா தன் சிவப்புத் தொப்பியைக் கழற்றி வைத்திருக்கிறாரே, அதற்கு அடியில் இருப்பது அதுதான். திருடியதல்ல. நான் எழுத்தராக இருக்கும் முதலியார்பேட்டைப் பள்ளியில் ஒரு பிரிவை மூடியபோது மிச்சமானது. எழுதிக் கொடுத்துத்தான் வாங்கினேன்.

எங்கள் பள்ளியில் நூரீன் என்று ஒரு டீச்சர். சின்னப் பெண், கலகலவென்று பேசுவாள். அவள்தான் புல்லட் ஜர்னல் என்ற ஒன்றைக் காட்டினாள். செய்ய வேண்டிய வேலைக்கு ஒரு புள்ளி. முடித்துவிட்டால் அந்தப் புள்ளியின் மேலேயே பெருக்கல் குறி. முடியாமல் அடுத்த மாதத்துக்குத் தள்ளினால் அம்புக்குறி. தினசரிப் பழக்கங்களுக்குத் தனியாகக் கட்டங்கள். அவளுடையதில் பூ, கொடி, கலர் டேப் எல்லாம் உண்டு. தண்ணீர் குடித்ததற்குக்கூட ஒரு கட்டம் வைத்திருந்தாள். தாகம் எடுத்தால் குடிக்க வேண்டியதுதானே, அதற்கு நோட்டு எதற்கு என்று கேட்டேன்.

"அக்கா, இதுல ரூல்ஸுன்னு ஒண்ணும் கெடையாது. உங்க பழக்கத்துக்குத் தோதா மாத்திக்க வேண்டியதுதான்" என்றாள்.

அது எனக்குப் பிடித்துப்போயிற்று. என் பழக்கம் என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது. என் தம்பி.

அப்பா மில் தொழிலாளி. சங்க மேடைகளில் கேட்ட தமிழையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவருவார். அதனால் நான் செந்தமிழ்ச்செல்வி, அவன் வெற்றிச்செல்வன். மில் மூடிய வருடம் அப்பா போனார். அம்மா போனபோது எனக்கு இருபத்தேழு, அவனுக்குப் பதின்மூன்று. ஒன்பது வயதிலிருந்து அவனுக்கு வலிப்பு உண்டு. வாரத்துக்கு ஒன்று, சில வாரம் மூன்று. சோறு பொங்கும்போது, துணி அலசும்போது, 'தொப்' என்று ஒரு சத்தம் கேட்கும். பதினேழு வருடம் அந்தச் சத்தத்துக்காகவே காதைத் தீட்டி வைத்துக்கொண்டு வாழ்ந்தவள் நான். இன்றும் மாடி வீட்டில் தேங்காய் விழுந்தால் என் உடம்பு எழுந்து ஓடிவிடும், மனசு பிறகுதான் போய்ச் சேரும்.

என்னைப் பெண் பார்க்க மூன்று குடும்பம் வந்தது. முதல் இரண்டும், "தம்பிக்கு இழுப்பாமே" என்று கேட்டுவிட்டு, வைத்த காப்பியை ஆற விட்டுப் போயின. மூன்றாவதாக வந்தவர் சக்கரபாணி. நல்ல மனிதர், தபால் ஆபீஸ் வேலை. தம்பியை ஏதாவது இல்லத்தில் சேர்த்துவிட்டு வா என்றார். முடியாது என்று சொல்லி அனுப்பினேன். அன்றைக்குத் தம்பிமேல் ஆத்திரமாக வந்தது. ஆத்திரப்பட்டதை நினைத்து அழுகையாக வந்தது. இரண்டையும் அவன் பார்க்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்தான்.

விழுப்புரம் தாண்டி நான் போனதில்லை மேடம். ஆசிரியர்கள் வருடா வருடம் கொடைக்கானல் போவார்கள். பதிவேடு ஆரம்பித்ததும் நான் எழுதிய முதல் வேலையே 'கொடைக்கானல்' தான். மூன்று மாதம் அம்புக்குறி போட்டுத் தள்ளினேன். மூன்று தடவை தள்ளியதை ஒன்று செய்யணும், இல்லை அடிச்சுடணும் என்று நூரீன் சொன்னாள். அடித்துவிட்டேன். ஸ்கேல் வைத்து, ஒரே கோடு.

பதிவேடு எனக்கு எவ்வளவு தோது என்று சொல்ல வேண்டும். ஏற்கெனவே முப்பத்தொரு கட்டம் அடித்திருக்கும். பிள்ளைகளின் பெயர் வரும் இடத்தில் மாத்திரை, தூக்கம், சாப்பாடு, கோபம், வெளியே போனது என்று வரிசையாக எழுதிக்கொண்டேன். வகுப்பில் காலை வருகைக்கு ஒரு சாய்கோடு, மாலைக்கு எதிர்ச்சாய்கோடு போடுவோம். அவன் மாத்திரையும் காலை ஒன்று, மாலை ஒன்று. இரண்டும் போட்டால் பெருக்கல் குறி ஆகிவிடும். நூரீனின் முறையும் என் முறையும் ஒரே கட்டத்தில் கைகுலுக்கிக்கொண்டன. இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

பிறகு ஒரு வரிசை சேர்த்தேன். 'பாரதி' என்று. அந்தப் பெயரை அவன் ஒரு நாளில் எத்தனை தடவை சொல்கிறான் என்று. அதற்கு வருகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் டாக்டர் மாத்திரையை மாற்றினார். வலிப்பு நின்றுபோயிற்று. சுத்தமாக நின்றுபோயிற்று. இரண்டு வருடம் நாலு மாதம் அந்தச் சத்தம் இல்லை. எல்லாரும், "இனிமே ஒனக்கு விடிவுதான் செல்வி" என்றார்கள். விடிந்துதான் இருந்தது. விடிந்த வீட்டில் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவன் சினிமாவுக்குப் போனான், முடி வெட்டிக்கொள்ளத் தனியாகப் போனான். நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதல் தடவை நடந்தது கைத்தவறு. இதை ஏட்டையா தெளிவாக எழுத வேண்டும். ஏழு நாளைக்குமான மாத்திரை டப்பாவை ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்தான் நிரப்புவேன். அது ஜூன் மாதம், பள்ளியில் அட்மிஷன் நெருக்கடி. மூட்டுவலிக்கு நான் போடும் கால்சியம் மாத்திரையும் வெள்ளை, அதே நீளம். அதைப் போட்டு நிரப்பிவிட்டேன். புதன்கிழமை பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் விழுந்தான். அன்று ஓசூரில் ஒரு வேலைக்குக் கிளம்பியிருந்தான். போகவில்லை.

மூன்று நாள் பாயிலேயே கிடந்தான். கஞ்சி ஊட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "யக்கா, நீ இல்லன்னா நா என்னா ஆவேன்" என்றான். அவன் அப்படிச் சொல்லி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த மூன்று நாளும் நான் அசந்து தூங்கினேன் மேடம். அதையும் எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

தவறு எனக்குத் தெரிந்ததும் கட்டத்தில் என்ன போடுவது என்று யோசித்தேன். சாய்கோடு போட முடியாது, அது பொய். இருபது வருடமாக வருகைப் பதிவேடு என் பொறுப்பு. வராத பிள்ளையை வந்ததாகப் போடச் சொல்லிப் பெரிய இடத்துச் சிபாரிசு வந்தும் மறுத்தவள் நான். காலியாக விடவும் முடியாது, ஒரு மாத்திரை போயிருக்கிறதே. அதனால் புள்ளி வைத்தேன். புள்ளி என்றால் நூரீன் முறையில், செய்ய வேண்டியது பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். எந்தக் குறிக்கு என்ன அர்த்தம் என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்த குறிப்பிலும் அதைச் சேர்த்தேன். 'புள்ளி: வேறு மாத்திரை.' அந்தப் பக்கத்தில் என் கையெழுத்து கோணவில்லை.

அடுத்த புள்ளிகள் கைத்தவறு அல்ல. கூட்டாளிகள் ஏற்காட்டுக்குக் கூப்பிட்டபோது. லைசென்ஸ் எடுக்கிறேன் என்று அவன் கிளம்பியபோது. வலிப்பு உள்ளவன் வண்டி ஓட்டலாமா, நீங்களே சொல்லுங்கள். எடுத்து வைத்த மாத்திரைகளை நான் வீணாக்கவும் இல்லை. பவுடர் டப்பாவில் போட்டு வைத்து, அடுத்த மாதம் அவனுக்கே கொடுத்தேன். என் மூட்டுவலியை நான் பொறுத்துக்கொண்டேன்.

அப்புறம் நோணாங்குப்பம் பக்கம் ஒரு தனியார் படகுக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தான். வருகிறவர்களுக்கு மிதவை உடுப்பு மாட்டிவிடும் வேலை. பாரதி அங்கே டிக்கெட் கொடுக்கிற பெண். முதல் வாரம் அந்த வரிசையில் இரண்டு, மூன்று என்று இருந்தது. ஆறாவது வாரம் ஒரு நாளில் பத்தொன்பது. தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு பத்தொன்பது தடவை.

பாரதியின் அப்பா இராமதாஸும் அம்மா வசந்தாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்க வந்தார்கள். அதற்கு முந்தைய நாலு நாள் புள்ளி. அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? மறைத்துக் கல்யாணம் செய்வது மோசடி. வாயால் சொன்னால் நான் கெடுக்கிறேன் என்று தம்பி நினைப்பான். கண்ணால் பார்க்கட்டும் என்று விட்டேன். பார்த்தார்கள். கேசரித் தட்டோடு அவர்கள் காலடியிலேயே விழுந்தான்.

அவர்கள் ஆற விட்டுப் போகப்போகும் காப்பியைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இராமதாஸ் கீழே உட்கார்ந்து அவன் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். வசந்தா தன் முந்தானையால் அவன் வாயைத் துடைத்தார். எல்லாம் அடங்கியதும் வசந்தா, "காச்ச வர மாதிரிதாம்மா இதுவும். இதுக்கா ஒரு புள்ளையத் தள்ளுவாங்க? தை மாசத்துல வச்சிக்கலாம்" என்றார். காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுப் போனார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. மறைக்காமல் சொல்கிறேன். இதே வலிப்பால்தானே எனக்கு வந்த மூன்று சம்பந்தமும் தட்டிப்போனது? விழுந்தவனுக்கு மடி கிடைத்தது. தூக்கிக்கொண்டே நின்றவளுக்கு என்ன கிடைத்தது? இதைக் குறை என்று எழுதாதீர்கள். ஒரு விவரமாகச் சொல்கிறேன்.

தைக்கு முன்னாலேயே நோணாங்குப்பத்தில் வீடு பார்த்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுவது என்று முடிவானது. அதற்கு முந்தைய சனிக்கிழமை, நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது தம்பி எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"யக்கா, நீயும் வந்துடு எங்களோட. பின்னாடி ஒரு ரூம் இருக்குது. பாரதிதான் சொல்லிச்சு, அண்ணிய உட்டுட்டு வரக் கூடாதுன்னு."

தாலி ஏறும் முன்பே அண்ணி. நான் சிரித்தேன். "நா எதுக்குடா அங்க?" என்றேன்.

"இத்தினி வருசம் என்ன நீ பாத்துக்கிட்ட. இனிமே நாங்க ஒன்னப் பாத்துக்கறோம்."

அதை அவன் அன்பாகத்தான் சொன்னான். பின்னறையில் ஒரு பாயைப் போட்டு, மூன்று வேளையும் தட்டு வைத்து, என்னைப் பார்த்துக்கொள்வார்கள். என்னை அவன் பார்த்துக்கொள்ளும் வீட்டில் நான் யார்? மறுநாள் டப்பாவை நிரப்பினேன். முதல் நாலு நாளுக்கும் என் மாத்திரை.

வியாழக்கிழமை காலையில், வீட்டில், என் கண் முன்னால் விழுவான் என்றுதான் நினைத்தேன். தலைக்கு அடியில் வைக்கத் தலையணைகூட எடுத்து வைத்திருந்தேன். பால் காய்ச்சுவது தள்ளிப்போகும். அவ்வளவுதான், ஒரு அம்புக்குறி. ஆனால் அவன் புதன்கிழமை மத்தியானமே விழுந்தான். எல்லாருக்கும் உடுப்பு மாட்டிவிடுகிறவன், தனக்கு மாட்டிக்கொள்ளவில்லை. படகுக்கும் துறைக்கும் நடுவில் தண்ணீருக்குள் போய்விட்டான். குதித்து இழுத்தது பாரதிதான். வெளியே எடுக்க நாலு நிமிடத்துக்கு மேல் ஆயிற்றாம்.

பதினோரு நாள் கழித்துக் கண் திறந்தான். பேச்சு இல்லை. வலது பக்கம் அசையவில்லை. மூளைக்குக் காற்று போகாததால் இப்படி, இனி ஆயுசுக்கும் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும் என்றார் டாக்டர். பாரதி சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். நான் என்ன மாத்திரை, எத்தனை வேளை என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். யாராவது ஒருவர் நிதானமாக இருக்க வேண்டுமே.

இத்தனை நாள் நின்றிருந்த வலிப்பு ஏன் திரும்ப வந்தது, எழுதி வைத்தது ஏதாவது இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். இருக்கிறது என்று பதிவேட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உங்களுக்கு அதுதான் ஆச்சரியம் என்கிறீர்கள், ஏன் மறைக்கவில்லை என்று. அப்படி ஒரு பதிவேட்டை எந்த டாக்டரும் பார்த்திருக்க மாட்டார். "பிரமாதமா வச்சிருக்கீங்க" என்றுதான் ஆரம்பித்தார். பிறகு முதல் பக்கத்துக்குப் போனார். பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் விரல் வைத்து, அதற்கு இரண்டு மூன்று நாள் தள்ளி விரலை நகர்த்தினார். ஐந்து இடம். அதற்கப்புறம் அவர் என்னை அம்மா என்று கூப்பிடவில்லை.

ஆம் மேடம், நான்தான் மாற்றினேன். முதல் தடவை தெரியாமல், மற்ற நாலு தடவையும் தெரிந்து. விழுவான் என்று தெரியும். எங்கே விழுவான் என்பதில்தான் தப்பு நேர்ந்தது. கையெழுத்து எங்கே வேண்டுமோ போடுகிறேன். ஆனால் எத்தனை நாள் இங்கே வைத்திருப்பீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். அவன் நேரமெல்லாம் எனக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் பாரதி ஸ்பூனை நீட்டினால் வாய் திறக்கிறான், நர்ஸ் நீட்டினாலும் திறக்கிறான். கடைசி இரண்டு நாள் நான் மாத்திரையை எடுத்துக்கொண்டு கிட்டே போனபோது மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவனுக்கு எல்லாம் தெரிகிறது என்று பாரதி சொல்கிறாள். அதெல்லாம் ஒன்றுமில்லை மேடம். சின்ன வயதிலிருந்தே மாத்திரை என்றால் அவனுக்கு அடம். வீட்டுக்கு வந்துவிட்டால் திறப்பான்.